படி எந்தப் பக்கம்?

மலேசியத் தமிழர்களின் பேச்சில் 'அஞ்சடி' என்றொரு சொல் உண்டு. பினாங்கிலோ கிள்ளானிலோ பழைய கடைவரிசைகளுக்கு முன்னால், மேல்மாடியின் நிழலில் ஓடும் நடைபாதைதான் அஞ்சடி. மலாயில் 'காக்கி லீமா' என்பதும் அதே ஐந்து அடிதான். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் லயத்து வீட்டின் முன்னாலிருந்த குறுகலான சிமெண்டு மேடையையும் அஞ்சடி என்றே சொன்னோம். அளந்து பார்த்தால் நாலடிகூட இருக்காது. ஆனால் சாயங்காலத்தில் மொத்த லயமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

வீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு மேடையை ஏன் கட்டுகிறோம்? வெள்ளம், ஈரம், பாம்பு, பூச்சி என்று காரணங்களை அடுக்கலாம். எல்லாம் உண்மை. ஆனால் அந்த மேடைக்கு ஏறும் படி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. படி இருக்கும் பக்கம்தான் வாசல். படி இல்லாத பக்கம் சுவர், அங்கே செங்கல் இல்லாவிட்டாலும்கூட. யார் ஏறலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் யாரும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. படியே சொல்லிவிடும்.

கடந்த ஆண்டு என் வீட்டின் பக்கவாட்டு நிலத்தில் தாழ்வான மரத்தளம் ஒன்றைக் கட்டினேன். மூன்று பக்கமும் சுற்றி வரும் ஒரே படி. அந்தப் படியைப் பற்றி யோசித்தபோது சேர்ந்த செய்திகளே இந்தக் கட்டுரை.

யாருடைய ஐந்து அடி?

அஞ்சடியின் பிறப்புக்கு ஏறக்குறையத் தேதியே சொல்லலாம். 1822 நவம்பரில் சிங்கப்பூரின் நகரத் திட்டக் குழுவுக்கு ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் எழுத்துமூலம் உத்தரவுகள் கொடுத்தார். செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டப்படும் வீடுகளின் முகப்பு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் குறிப்பிட்ட அகலத்தில் தாழ்வாரம் இருக்க வேண்டும். தெருவின் இரு மருங்கிலும் அது தொடர்ச்சியாக, கூரையோடு, எப்போதும் திறந்த வழியாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஐந்து அடி என்ற அளவு அந்த உத்தரவில் இல்லை. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கும் ஊருக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் இருந்தது. நிலம் கடைக்காரருக்குச் சொந்தம். நடக்கும் உரிமை பொதுமக்களுக்கு. ஒரே தரைக்கு இரண்டு உரிமைகள். கடைக்காரர் தன் மூட்டைகளையும் பெட்டிகளையும் அங்கே இறக்கினார். கடிதம் எழுதிக் கொடுப்பவர், முடிவெட்டுபவர், கச்சான் பூத்தே விற்பவர், கிளி ஜோசியர் என்று வாடகைக்குக் கடை பிடிக்க முடியாதவர்களுக்கெல்லாம் அந்த ஐந்தடியே கடையானது. ராத்திரியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக் காவல்காரர்கள் படுத்தார்கள்.

நகராட்சி இதை ஒழுங்குபடுத்தக் கிளம்பியபோது 1888 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கலவரமே வெடித்தது. தாழ்வாரக் கலவரம் என்று வரலாற்றில் அதற்குப் பெயர். கடைகள் அடைக்கப்பட்டன. தெருக்களில் கல் பறந்தது. சில நாட்களில் அடங்கினாலும், அஞ்சடியை முழுக்கக் காலி செய்ய நகராட்சியால் முடியவில்லை. நடப்பதற்கு வழி விட்டால் போதும் என்ற சமரசத்தில் காரியம் முடிந்தது. இன்றைக்கும் மலேசியாவின் பழைய நகரங்களில் அந்தச் சமரசத்தைத்தான் பார்க்கிறோம். ஒரு கடையின் முன்னால் மாலைக் கட்டுகள், அடுத்த கடையின் முன்னால் மோட்டார் சைக்கிள்கள், நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி.

கோலாலம்பூருக்கு இதே கட்டட முறை நெருப்பின் வழியாக வந்தது. 1881 ஜனவரியில் பெரும் தீ. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம். அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த ஊர் அழிந்தது. 1882இல் சிலாங்கூருக்கு ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டு ஊரைத் திரும்பக் கட்ட வைத்தார். செங்கல் சூளைகள் இருந்த பகுதிதான் இன்றைய பிரிக்பீல்ட்ஸ். புதிய கடைவரிசைகளோடு அஞ்சடியும் சேர்ந்து வந்தது.

பழைய அஞ்சடியில் நடந்து பாருங்கள். ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போக அரை அடி ஏற வேண்டும், பிறகு முக்கால் அடி இறங்க வேண்டும். ஒவ்வொரு முதலாளியும் தன் தரையைத் தனக்குத் தோன்றிய உயரத்தில் போட்டுக்கொண்டார். வழி பொது என்று சட்டம் சொன்னது. இந்தத் தரை என்னுடையது என்று ஒவ்வொரு படியும் பதில் சொன்னது.

ஒற்றை ஏணியும் திறந்த மேடையும்

மலாய் வீடு தரையிலிருந்து எழும்பித் தூண்களின் மேல் நிற்கிறது. வெள்ளத்துக்கும் காற்றோட்டத்துக்கும் அது தேவை. லிம் ஜீ யுவான் மலாய் வீட்டைப் பற்றி 1987இல் பினாங்கில் வெளியிட்ட நூல், அந்த வீட்டின் ஒவ்வொரு உறுப்பும் சூழலுக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதைக் கோட்டுப் படங்களோடு விளக்குகிறது. வீட்டுக்குள்ளேயே தரைமட்டம் மாறுகிறது. தாய்வீடு என்று பொருள்படும் 'ரூமா இபு' உயரத்தில். விருந்தினர் அமரும் 'செரம்பி' அதைவிடத் தாழ்வாக. ஒரு வீட்டில் எங்கே உட்கார வைக்கப்படுகிறோம் என்பதே நம்முடைய இடத்தைச் சொல்லிவிடும்.

முன்னால் ஓர் ஏணிப்படி. அதன் அடியில் தண்ணீர்ப் பானையும் தேங்காய்ச் சிரட்டை அகப்பையும். காலைக் கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஆண் விருந்தினர் முன்படியில் ஏறுவார்கள். பெண்கள் பின்பக்க அடுக்களைப் படியில் வந்து போவார்கள். மலாக்கா வீடுகளில் முன்படி சிமெண்டிலும் வண்ண ஓடுகளிலும் வளைந்து இறங்கும். அது வீட்டுக்காரரின் அந்தஸ்தையும் காட்டும்.

இதே பண்பாட்டில் இன்னொரு மேடையும் இருக்கிறது. மரத்தடியில், வீட்டு முற்றத்தில், முழங்கால் உயரத்துக்குப் பலகை அடித்துப் போட்டிருப்பார்கள். அதன் பெயர் 'பங்கின்'. அதற்குப் படியே கிடையாது, விளிம்புதான் இருக்கை. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் உட்காரலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் எழுந்து போகலாம். கிளந்தான், திரெங்கானு பக்கம் வயலோரங்களிலும் சாலையோரங்களிலும் கூரை போட்ட திறந்த மேடைகளைப் பார்க்கலாம். அவற்றை 'வக்காஃப்' என்கிறார்கள். அறக்கொடை என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கட்டும், களைப்பு தீர உட்காரட்டும் என்று ஊரார் கட்டி வைத்தது. அதற்குக் கதவு இல்லை.

அப்படியென்றால் ஒரே ஊரில், ஒரே தச்சரின் கையால் இரண்டு விதமான மேடைகள் உருவாகியிருக்கின்றன. ஒன்று வருபவர்களைத் தரம் பிரிக்கிறது. மற்றது வருபவரை யாரென்றே கேட்பதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மரத்திலோ வேலைத்திறத்திலோ இல்லை. எத்தனை பக்கம் திறந்திருக்கிறது என்பதில்தான்.

திண்ணைக்குக் கீழே

நம்முடைய திண்ணைக்கு வருவோம். திண்ணையைப் பற்றி எழுதும்போது தமிழர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். வழிப்போக்கருக்குப் படுக்க இடம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கிழவர்களுக்கு அரட்டை மன்றம். அதெல்லாம் இருந்தது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த வழிப்போக்கருக்கு? யார் பிள்ளைகளுக்கு? சாதி ஊரில் திண்ணையில் ஏறி உட்காரக்கூடியவர் யார், தெருவிலேயே நின்று குரல் கொடுக்க வேண்டியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். ரப்பர்த் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பகுதியினர் அந்தத் தெருவில் நின்றவர்களின் பிள்ளைகள்.

கடல் தாண்டியதும் அது கழன்றுவிடவில்லை. தோட்டங்களில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தனி லயங்கள் ஒதுக்கப்பட்டதைச் சமூக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு மேல் இன்னொரு உயரமும் வந்து சேர்ந்தது. மேட்டில் துரையின் பங்களா. செங்கல் தூண்களின் மேல், சுற்றிலும் தாழ்வாரம் வைத்த வீடு. கொஞ்சம் கீழே கிராணிமார் வீடுகள். அதற்கும் கீழே, பள்ளத்தில், ஆற்றோரத்தில் லயங்கள். தோட்டத்தின் வரைபடத்தை யாரும் காட்டத் தேவையில்லை. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே அதிகாரத்தின் வரிசை விளங்கிவிடும்.

பங்களாத் தாழ்வாரம் நாலு பக்கமும் சுற்றி வந்தாலும் படி முன்னால் ஒன்றுதான். பின்னால் வேலைக்காரர்களுக்கு இன்னொன்று. தொழிலாளி முன்படிக்குக் கீழே நின்றுதான் பேச வேண்டும். என் தாத்தா லீவு கேட்கப் போன கதையை அம்மா சொல்லுவார். "தொர மேல நாக்காலியில உக்காந்திருப்பாரு. ஒங்க தாத்தா கீழ செருப்ப கழட்டிட்டு நிப்பாரு. அண்ணாந்து பாத்துக்கிட்டே பேசணும். அப்படியே பேசிப் பேசித்தான் அவருக்குக் கழுத்து வளஞ்சி போச்சின்னு ஒங்க பாட்டி கிண்டல் பண்ணுவாங்க."

இந்த உயர வித்தியாசம் எவ்வளவு கனமானது என்பதற்கு 1941இன் கிள்ளான் வேலைநிறுத்தத்தைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் வழிநடத்திய அந்தப் போராட்டத்தில், சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி முக்கியமான கோரிக்கை. கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்கள் மீதான அத்துமீறலை நிறுத்துவது, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி ஆகியவையும் பட்டியலில் இருந்தன. அவற்றோடு இரண்டு கோரிக்கைகளை நான் திரும்பத் திரும்ப வாசிப்பதுண்டு. ஒன்று, வெள்ளை அதிகாரிகளுக்கும் ஆசிய ஊழியர்களுக்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளில் போக அனுமதி வேண்டும். இன்னொன்று, உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதி வேண்டும்.

சைக்கிள் இருக்கை தரையிலிருந்து மூன்றடிகூட இருக்காது. அந்த மூன்றடி உயரத்தைத் துரையோ கிராணியோ எதிரில் வந்தால் தொழிலாளி விட்டுக்கொடுத்து இறங்க வேண்டும். இரண்டாவது கோரிக்கை இன்னும் எளிமையானது. என் வீட்டு அஞ்சடியில் என் தங்கை புருஷன் வந்து உட்கார இன்னொருவரிடம் நான் அனுமதி கேட்கக் கூடாது. கூலியைக் கேட்ட அதே மூச்சில் உயரத்தையும் வாசலையும் கேட்டிருக்கிறார்கள் நம் ஆட்கள். மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் இறக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்து இறங்க, கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

1966இல் தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. அறை எவ்வளவு, தண்ணீர் எப்படி, கழிப்பிடம் எப்படி என்பதெல்லாம் சட்டத்துக்குள் வந்தன. ஆனால் அஞ்சடியில் யார் உட்காரலாம் என்பதைச் சட்டம் எழுத முடியாது. அதை லயத்து மக்களே தீர்த்துக்கொண்டார்கள். நான் பார்த்த காலத்தில் எங்கள் லயத்து அஞ்சடி நீளமாக, பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவாக, தடுப்பே இல்லாமல் ஓடியது. முழு நீளத்துக்கும் ஒரே படிக்கட்டு விளிம்பு. எந்த வீட்டுப் பிள்ளை எந்த வீட்டு முன்னால் தூங்கினாலும் அங்கேயே சோறு கிடைத்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தண்ணிப் போட்டவர் விழுவதும், சண்டை கிளம்புவதும், யாருடைய கடிதம் யாருக்கு வந்தது என்று ஊருக்கே தெரிவதும் அதே அஞ்சடியில்தான். திறந்த மேடைக்கு அந்த விலையும் உண்டு.

தாழ்ந்த தளம், சுற்றுப்படி

இனி என் மரத்தளத்துக்கு வருகிறேன். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, நாங்கள் தாமான் வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மூலை வீடு என்பதால் பக்கவாட்டில் கொஞ்சம் நிலம். புல் முளைக்காத, மழைக்குச் சேறாகும் நிலம். மகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். அமெரிக்க வீட்டுத் தோட்டங்களில் இருக்கும் தாழ்வான மரத்தளம். 'டெக்' என்ற அந்தச் சொல்லே கப்பலின் மேல்தளத்திலிருந்து கரைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கலிஃபோர்னியா பக்கம், தோட்டத்தை வீட்டின் இன்னொரு அறையாகப் பார்க்கத் தொடங்கியபோது அது பரவியது. தாமஸ் சர்ச் என்ற தோட்ட வடிவமைப்பாளருக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்கக் கட்டட விதியில் ஒரு சுவாரஸ்யமான எல்லைக்கோடு இருக்கிறது. தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த தளத்துக்குத் தடுப்புக் கம்பி கட்டாயம். அதற்குக் கீழே இருந்தால் தேவையில்லை. ஒரு மேடை இவ்வளவு தாழ்வாக இருந்தால் வேலி வேண்டாம் என்பது பாதுகாப்புக் கணக்கு. ஆனால் அதில் நான் வேறொன்றையும் படித்தேன். தாழ்ந்தால்தான் திறக்க முடியும். உயர்ந்துவிட்டால் கம்பி வரும். கம்பி வந்தால் அதில் ஒரு வாசல் வரும். வாசல் வந்தால் வாசலில் நிற்பவர் வருவார்.

எனக்கு வேலை செய்து கொடுத்தவர் எங்கள் பழைய தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், எழுபதைத் தொடுகிறவர். படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பங்கின்தான். இதுக்குப் போயி வெள்ளக்காரன் பேரு வெக்கிறீங்களே" என்று சிரித்தார்.

"ஆமாண்ணே, ஆனா சுத்தி ஒரு படி வேணும்."

"மூணு பக்கமுமா? மரம் ரொம்பப் போவுமே. முன்னால ஒண்ணு வெச்சா பத்தாது?"

"பத்தாதுண்ணே."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தளம் பன்னிரண்டுக்குப் பத்தடி. மேல்மட்டம் தரையிலிருந்து ஓரடி. படி சரியாகப் பாதியில், ஆறங்குல உயரத்தில், ஓரடி அகலத்தில். மலேசியாவின் 1984 கட்டட விதிகளின்படி ஒரு படியின் ஏற்றம் 180 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, மிதிப்பலகை 255 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆறங்குலமும் ஓரடியும் அதற்குள் தாராளமாக அடங்குகின்றன. இரண்டு ஏற்றமும் ஒரே அளவில் இருப்பது மிக முக்கியம். முதல் படி ஆறு, அடுத்தது ஏழு என்று வைத்தால் கால் ஏமாந்துபோகும். கண் பார்க்காத அரை அங்குலத்தையும் கால் கண்டுபிடித்துவிடும்.

தாழ்வான தளத்தைக் கட்டுவது உயரமான தளத்தைவிட எளிது என்று நினைக்கத் தோன்றும். நம் ஊரில் அது தலைகீழ். மண்ணுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு ஈரம், அவ்வளவு கரையான். புல்லையும் வேரையும் வெட்டியெடுத்து, தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடும்படி தரையைச் சரித்து, மேலே ஜல்லி கொட்டினோம். மரம் மண்ணைத் தொடாமல் இருக்க வரிசையாகக் கான்கிரீட் கட்டைகள். அவற்றின் மேல் சட்டங்கள், சட்டங்களின் மேல் பலகை. வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் விட்டோம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மழைத்தண்ணீர் இறங்கவும் காற்று ஏறவும் இடைவெளி. செங்கால் மரம் போடத்தான் ஆசை. மலாய் வீடுகளின் தூண்களுக்கு அந்தக் காலத்தில் அதைத்தான் தேடிப் பிடிப்பார்கள். இன்றைய விலையில் அது எட்டாது. பாலாவ் மரத்தில் முடித்தோம். அதுவும் கனமான, கெட்டி மரம்தான். துளை போடாமல் திருகாணி ஏற்றினால் ஆணி முறியும் அல்லது பலகை பிளக்கும். அவர் ஒவ்வொரு ஆணிக்கும் முதலில் துளை போட்டார்.

மேல்தளம் இரண்டு நாளில் முடிந்தது. சுற்றுப்படிக்கு மூன்று நாள் ஆனது. சிக்கலெல்லாம் மூலைகளில்தான். இரண்டு பக்கத்துப் பலகைகளும் மூலையில் சாய்வெட்டாகச் சந்திக்கின்றன. வெயிலிலும் மழையிலும் மரம் அகலத்தில் விரிந்து சுருங்கும்போது அந்தச் சாய்வெட்டு வாயைப் பிளக்கும். அதோடு பலகையின் கூர்முனைக்கு அடியில் தாங்கல் இல்லாவிட்டால், யாராவது மூலையில் மிதித்ததும் தொய்ந்துவிடும். அதனால் மூலைக்கு மூலை குறுக்காக ஒரு சட்டத்தை இரட்டிப்பாக வைத்து, இரண்டு பக்கத்து முனைகளும் அதன் மேல் தனித்தனியாக உட்காரும்படி செய்தார். "நேரா போறதுக்குப் பெரிய தெறம வேணாம் தம்பி. திரும்புற எடத்துலதான் வேல இருக்கு" என்றார்.

முடிந்த பிறகு ஒன்று கவனித்தேன். மூலையில் மட்டும் படியின் ஆழம், குறுக்குவாக்கில் அளந்தால், ஏறக்குறைய பதினேழு அங்குலம் வருகிறது. ஓரடிப் படியில் உட்காருபவருக்கு முதுகு மேல்தளத்தின் விளிம்பில் இடிக்கும். மூலையில் உட்காருபவருக்குக் கொஞ்சம் தாராளம். வருகிறவர்கள் யாரும் சொல்லாமலே மூலைகளைத்தான் முதலில் பிடிக்கிறார்கள்.

அம்மா உட்கார்ந்த இடம்

இதுவரை எழுதியதைப் பார்த்தால், சுற்றிலும் படி வைத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று நான் சொல்வதுபோலத் தோன்றலாம். அப்படி நம்ப முடியாமல் செய்தவர் அம்மா. முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். முழங்கால் தேய்ந்துபோனவர். முதல் நாள் சாயங்காலம் தளத்தில் நாற்காலி போட்டு, "மேல வந்து உக்காருங்கம்மா" என்றேன். அவர் சுற்றி வந்து, படியில் உட்கார்ந்தார்.

"இங்கயே போதும்ப்பா. காலு தரையில படுது."

அடுத்த நாளும் அங்கேதான். மேலே மருமகள், பேரப்பிள்ளைகள், வந்த விருந்தாளிகள். அம்மா மட்டும் படியில். முழங்கால் வலிக்கு அந்த உயரம் சௌகரியமாக இருக்கலாம். தோட்டத்து விளிம்பில் உட்கார்ந்து பழகிய உடம்பு தேடிக்கொண்ட இடமாகவும் இருக்கலாம். அண்ணாந்து பேசிய ஒரு மனிதரின் மகளுக்கு, மேலே போய் உட்காருவது இன்னும் கூச்சமாகவும் இருக்கலாம். கேட்டால் "சும்மா இருப்பா" என்பார். அவர் வாயிலிருந்து எனக்குத் தோதான ஒரு விளக்கத்தைப் பிடுங்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டேன். பிறகு ஒன்று மாறியது. நாங்கள்தான் கீழே இறங்கினோம். இப்போது நாற்காலிகள் சுவரோரம் மடங்கிக் கிடக்கின்றன. எல்லோரும் படியைச் சுற்றி உட்காருகிறோம். மேல்தளத்தில் டீத்தண்ணியும் முறுக்கும் இருக்கின்றன. மேடை மேசையாகிவிட்டது.

படிக்கே இன்னொரு எல்லையும் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சுற்றுப்படி என்பது சுற்றுச் சுவர்தான். ஓரங்குலம் ஏற ஓரடி நீளச் சரிவு வேண்டும் என்பது உலகெங்கும் வழக்கமான கணக்கு. ஓரடி உயரத் தளத்துக்குப் பன்னிரண்டடிச் சரிவு. என் தளத்தின் நீளமும் அதேதான். நான்காவது பக்கத்தில், வீட்டுச் சுவரை ஒட்டி, அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். அம்மாவின் முழங்காலை நினைத்தால் அது சீக்கிரமே தேவைப்படும்.

நாலு பக்கமும் திறந்த தரை

அஞ்சடியின் வாரிசு எது என்று கேட்டால் நான் சிங்கப்பூரின் அடுக்குமாடிகளைக் காட்டுவேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960களில் தொடங்கி, 1970களில் வழக்கமாக்கிய ஏற்பாடு அது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வீடுகளே இல்லாமல் தூண்களோடு காலியாக விடுவது. எல்லோரும் 'வாய்ட் டெக்' என்கிறார்கள். அதன் பெயரிலும் டெக் இருப்பது தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல். தரையிலிருந்து சிறு உயரம், நாலு பக்கமும் திறப்பு. ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், மறுவாரம் சீனர் வீட்டுத் துக்கம், இடையில் கல்மேசையில் சதுரங்கம். அங்கேயும் பந்து விளையாடத் தடை என்று பலகைகள் தொங்குகின்றன. 1822இல் ராஃபிள்ஸ் எழுதிய 'எப்போதும் திறந்த வழி'க்கும் 1888இன் கல்வீச்சுக்கும் நடுவிலிருந்த அந்தப் பழைய வழக்கு இன்னும் தீரவில்லை.

மலேசியத் தாமான்களில் நிலைமை வேறு. தோட்டத்திலிருந்து பெயர்ந்த நம் மக்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் மலிவு விலை அடுக்குமாடிகளும் சின்னத் தரைவீடுகளும். வீடு கிடைத்ததும் முதலில் செய்தது இரும்புக் கிரில் அடித்தது. திருட்டுப் பயம் நியாயமானது. ஆனால் காரை நிறுத்தும் முன்கூடத்துக்கும் கேட்டு, பூட்டு என்றானபோது, உட்காரும் விளிம்பு என்ற ஒன்றே நம் வீடுகளிலிருந்து போய்விட்டது. இப்போது நம் வீட்டுக்கு வருபவர் வெளியே நின்று மணி அடிக்கிறார். நாம் கம்பிக்குப் பின்னால் நின்று யாரென்று பார்க்கிறோம். உறவினர் தடையின்றி வந்து போக வேண்டும் என்று 1941இல் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

எல்லோரும் கிரில்லைக் கழற்றுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. என் வீட்டிலும் கிரில் இருக்கிறது. சொல்லக்கூடியது சின்ன விஷயம்தான். வீட்டு முன்னாலோ பக்கத்திலோ எதையாவது கட்டப் போகிறீர்கள் என்றால், தரை ஓடு என்ன நிறம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரம்? படி எந்தப் பக்கம்? தோட்டத்தில் இந்த இரண்டையும் நமக்காக வேறு யாரோ முடிவு செய்தார்கள். அளவுநாடா இப்போது நம் கையில் இருக்கிறது.